பெல்ட்டை யார் இறுக்குறது? கவலைக் கயிறுல இருந்து கம்ப்ரசர் ஷெட் வரைக்கும்

இன்னிக்கு எபிசோட் ஒரு சத்தத்துல இருந்து தொடங்குது. மழை பெஞ்ச காலை, பழைய கார். சாவியைத் திருப்பின உடனே பானட்டுக்குள்ள 'கீ...ச்'னு கத்தும், பத்து செகண்ட்ல அடங்கிடும். மெக்கானிக்கிட்ட சொன்னா பானட்டைத் திறக்கறதுக்கு முன்னாடியே "ஃபேன் பெல்ட் லூசு"ன்னுடுவார்.

இன்னிக்குப் பெரும்பாலான கார்ல அந்த பெல்ட் ஃபேனைச் சுத்தறதே இல்ல, ஃபேனுக்குத் தனி மோட்டார் இருக்கு. பெல்ட் சுத்தறது ஆல்டர்னேட்டரை, பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற கருவியை. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினப்போ பேட்டரி கொஞ்சம் இறங்கியிருக்கும். அதை ஈடுகட்ட ஆல்டர்னேட்டர் முழு மூச்சா வேலை செய்யும், அப்போ அதைச் சுத்தறது கனமா இருக்கும். பெல்ட் தளர்ந்திருந்தா புல்லி மேல வழுக்கும். அந்த வழுக்கல்தான் கத்தறது.

சரி, நல்லா இறுக்கிட்டா? இறுக்கலாம், சத்தமும் நிக்கும். ஆனா அந்த இழுப்பு முழுக்க ஆல்டர்னேட்டர் பேரிங் மேல உட்காரும். அதே பெல்ட் தண்ணி பம்பையும் சுத்துற இன்ஜினா இருந்தா அந்த பேரிங்கும் சேர்ந்து போகும். லூசா இருந்தா பெல்ட் தேயும், டைட்டா இருந்தா பேரிங் தேயும். நடுவுல ஒரு குறுகின இடம் இருக்கு. அதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் இன்ஜினை அணைச்சுட்டு, ரெண்டு புல்லிக்கும் நடுவுல பெல்ட்டைக் கட்டைவிரலால அழுத்திப் பார்ப்பார். அரை இன்ச் போனா சரிம்பார். பெல்ட் கம்பெனிகளோட கணக்கும் இதுக்குப் பக்கத்துலதான் வருது: புல்லிகளுக்கு நடுவுல 100 மில்லிமீட்டர் தூரம்னா, குறிப்பிட்ட விசையில அழுத்தினா 1.6 மில்லிமீட்டர் அமுங்கணும்.

இன்னிக்குக் கதை அந்தக் கட்டைவிரலைப் பத்தினது. ஒரு இழுப்பு சரியா இருக்கான்னு கையால தீர்ப்பு சொல்றது யாரோட வேலையா இருந்துச்சு, அது யார்கிட்ட போச்சு, போற வழியில யாரோட கை போச்சுன்னு பார்க்கப் போறோம்.

அதுக்குத் தர்மபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போகணும். சேலத்துல இருந்து அரூர் ரோட்டுல, மஞ்சவாடிக் கணவாய் தாண்டினா வர்ற ஊர். சேர்வராயன் மலை ஒரு பக்கம், மலையில இருந்து இறங்கற வாணியாறு இன்னொரு பக்கம். இப்போ வாணியாறு அணை இருக்கு. அதுக்கு முன்னாடி இங்க விவசாயம்னா பெரும்பாலும் கிணறுதான். கீழ கெட்டிப் பாறை, வெட்ட வெட்டத்தான் தண்ணி. கிணத்துத் தண்ணியை மேல கொண்டுவர இருந்த பெரிய இயந்திரம் கவலை. தெற்கத்திப் பக்கம் கமலைன்னு சொல்வாங்க.

கவலையைப் பார்க்காதவங்களுக்காகக் கொஞ்சம் விரிவா சொல்றேன். கிணத்து மேல ஒரு மரச்சட்டம், அதுல உருளை. உருளை மேல தடிச்ச வடக்கயிறு. ஒரு முனையில மாடுகள், மறு முனையில சால், அதாவது பெரிய வாளி. சாலோட அடியில தோலால தைச்ச ஒரு நீளமான வால். அந்த வாலோட வாயைத் தனியா ஒரு மெல்லிய கயிறு பிடிச்சிருக்கும், அது கீழ இருக்கற இன்னொரு உருளை மேல ஓடும். மாடுகள் சரிவுல இறங்கினா சால் மேல வரும். வர்ற வழியெல்லாம் வாலோட வாய் மேல்நோக்கி மடிஞ்சே இருக்கணும், இல்லன்னா தண்ணி கிணத்துக்குள்ளயே கொட்டிடும். மேல வந்ததும் வால்கயிறு அதைத் தொட்டிப் பக்கம் இழுத்துத் திறந்துவிடும்.

ரெண்டு கயிறோட நீளமும் இழுப்பும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தலைன்னா இது நடக்காது. கயிறு நனைஞ்சா ஒரு நீளம், காய்ஞ்சா ஒரு நீளம். புதுக் கயிறு நாலு நாள்ல நீண்டுடும். இறங்கும்போது கவலை ஓட்டறவர் வடக்கயிறு மேலயே ஏறி உட்கார்ந்துக்குவார், அவரோட எடையும் மாடுகளுக்கு உதவும். அதாவது கயிறோட இழுப்பை அவர் தன் உடம்பாலயே உணர்ந்துட்டு இருந்தார். பின்னாடி பெல்ட் வந்தப்போ, இழுப்புன்னா என்னன்னு இந்த ஊருக்கு யாரும் புதுசா சொல்லித்தர வேண்டியிருக்கல.

பெல்ட் வந்த கதையில ஒரு சுவாரஸ்யமான வெள்ளைக்காரர் இருக்கார். ஆல்ஃபிரட் சாட்டர்டன். சென்னைப் பொறியியல் கல்லூரியில பேராசிரியரா இருந்தவர். அலுமினியப் பாத்திரத் தொழிலை சென்னையில ஊக்கப்படுத்தினவர்னு பலருக்கும் தெரியும். அதே ஆள் கவலைச் சாலுக்கு நல்ல தோல் வேணும்னு குரோம் முறையில தோல் பதனிடறதை முயற்சி பண்ணினார். 1900-களோட தொடக்கத்துல, கிணத்துல ஆயில் இன்ஜின் வெச்சுத் தண்ணி இறைக்க முடியுமான்னு மெட்ராஸ் மாகாணத்துல சோதனைகளும் நடத்தினார். பழைய இயந்திரத்துக்கு உதிரிப்பாகம், புது இயந்திரத்துக்கு விளம்பரம், ரெண்டையும் ஒரே ஆள் செஞ்சார். லண்டன்ல இருந்த இந்தியா மந்திரி மார்லிக்கு இதெல்லாம் பிடிக்கல. அரசாங்கம் தொழில் நடத்தக்கூடாதுன்னு 1910-ல தடை போட்டார். சாட்டர்டன் பின்னாடி மைசூருக்குப் போயிட்டார். இன்ஜின் மட்டும் இங்கயே தங்கிடுச்சு.

அந்தக் கால ஆயில் இன்ஜின் மெதுவா ஓடும். இந்தியக் கிராமங்கள்ல ரொம்பப் பிரபலமான லிஸ்டர் இன்ஜினை எடுத்துக்குங்க. இங்கிலாந்துல 1930 வாக்குல வந்தது. ராஜ்கோட்ல அதைப் பார்த்து செஞ்ச நகல்கள் இப்பவும் ஓடிட்டு இருக்கு. ரெண்டு பெரிய சக்கரம், நிமிஷத்துக்கு 650 சுத்து, 'டுக்கு டுக்கு'ன்னு சத்தம். தண்ணி பம்போ நிமிஷத்துக்கு 1,400, 1,500 தடவை சுத்தணும். அதனால இன்ஜின்ல பெரிய புல்லி, பம்புல சின்ன புல்லி, நடுவுல ஒரு தட்டை பெல்ட். தோல், இல்லன்னா ரப்பர் ஏத்தின துணி.

தட்டை பெல்ட்டை இறுக்கறதுக்கு போல்ட் நட்டு மட்டும் போதாது. பம்பை அடித்தளத்துல கொஞ்சம் தள்ளி வைக்கலாம். அதுக்கு மேல தளர்ந்தா பெல்ட்டையே வெட்டி, நீளம் குறைச்சு, மறுபடி வார் போட்டுத் தைக்கணும், இல்ல கிளிப் அடிக்கணும். ஒரு இன்ச் கூட வெட்டிட்டா புல்லியில ஏறவே ஏறாது. வழுக்கினா பிசின் தடவுவாங்க. இன்னொரு நுணுக்கமும் உண்டு: இழுக்கற பக்கம் கீழ இருக்கணும், தளர்ந்த பக்கம் மேல. அப்போ மேல் பக்கம் லேசாத் தொய்ஞ்சு, புல்லியைக் கூடுதலா அணைச்சுக்கும். தலைகீழா மாட்டினா தொய்வு புல்லியை விட்டு விலகும்.

அணைக்கிறதுதான் இங்க விஷயமே. பாய்மரப் படகுல பாயை இழுத்துப் பிடிக்கற கயிறை வெறும் கையால பிடிக்க முடியாது, காத்து இழுத்துட்டுப் போயிடும். அதையே ஒரு உருளையில ரெண்டு சுத்து சுத்திட்டா ஒரு ஆள் லேசாப் பிடிச்சாலே நிக்கும். 18-ஆம் நூற்றாண்டுல கணித மேதை ஆய்லர் இதுக்கு ஒரு சமன்பாடு எழுதினார். உராய்வுக் குணகம் 0.3-ன்னு வெச்சுக்கிட்டா, ரெண்டு முழுச் சுத்துக்கு உங்க கை பிடியைப் போல 40 மடங்குக்கு மேல தாங்கும். பெல்ட்டுக்கும் அதே சமன்பாடுதான். ஆனா பெல்ட் புல்லியை ஏறக்குறைய அரைச் சுத்துதான் தொடுது. அரைச் சுத்துக்கு வர்றது வெறும் 2.5 மடங்கு. அதாவது இழுக்கற பக்கத்துல 100 கிலோ இழுப்பு வேணும்னா, தளர்ந்த பக்கத்துலயும் 40 கிலோ இழுப்பு இருந்தே ஆகணும். அதனாலதான் தட்டை பெல்ட்டை அவ்வளவு முறுக்கிக் கட்ட வேண்டியிருந்துச்சு.

எவ்வளவு முறுக்கலாம்? இதை முதல்ல தீவிரமா அளந்து பார்த்தவர்கள்ல ஒருத்தர் பேர் மேலாண்மை படிச்சவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஃபிரெடரிக் டெய்லர். தொழிலாளி கையில ஸ்டாப்வாட்ச் பிடிச்ச அதே டெய்லர்தான். ஃபிலடெல்ஃபியாவுல மிட்வேல் இரும்பாலையில 9 வருஷம் பெல்ட்டுகளைக் கவனிச்சுட்டு, 1893-ல அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்துல ஒரு நீண்ட கட்டுரை படிச்சார். பெல்ட்டை மாட்டும்போது ஸ்பிரிங் தராசு வெச்ச கிளாம்ப்பால இழுத்து, இழுப்பை அளந்துதான் இணைக்கணும்னார். அவர் கண்டுபிடிச்சது: குறுகின பெல்ட்டை முறுக்கி ஓட்டறதைவிட, அகலமான பெல்ட்டைக் குறைஞ்ச இழுப்புல ஓட்டினா நாள்பட்ட கணக்குல செலவு கம்மி.

கண்டுபிடிப்பு சரிதான். ஆனா அதுக்குப் பின்னாடி டெய்லருக்கு இன்னொரு ஆசையும் இருந்துச்சு. பெல்ட்டை இறுக்கற பொறுப்பை மெஷின்ல நிக்கற தொழிலாளிகிட்ட விடக்கூடாது, அதுக்குத் தனி ஆள், தனி அட்டவணை வேணும்ங்கறது அவரோட கட்சி. கையில இருந்த தீர்ப்பு ஆபீஸுக்குப் போகணும். எனக்கு டெய்லர் மேல பெரிய பிரியம் கிடையாது. ஆனா இந்த ஒரு விஷயத்துல அவரை முழுசாத் திட்டவும் முடியல. ஏன்னா அந்தக் கை அப்பப்போ பெல்ட்டோடயே போயிட்டு இருந்துச்சு.

ஓடற பெல்ட் ஆளைப் பிடிக்கற இடம் எதுன்னா, பெல்ட் புல்லிக்குள்ள நுழையற அந்த இடுக்கு. விரல் பட்டா கையை உள்ள இழுக்கும். துண்டு, வேட்டி நுனி, முந்தானை, சடை, எது சிக்கினாலும் அதேதான். தைச்ச பெல்ட்ல வார் முடிச்சு துருத்திட்டு இருந்தா, அது ஒவ்வொரு சுத்துலயும் கொக்கி மாதிரி வரும். கழண்ட பெல்ட்டை இன்ஜினை நிறுத்தாமலே குச்சியால தள்ளி மறுபடி ஏத்தறது சாமர்த்தியமா பார்க்கப்பட்டுச்சு. நிறுத்தினா மறுபடி ஹேண்டில் போட்டுச் சுத்தி ஸ்டார்ட் பண்ணணுமே!

சுதந்திர இந்தியாவோட 1948 தொழிற்சாலைகள் சட்டத்தைப் படிச்சா, அதை எழுதினவங்க இந்த இடுக்கைப் பார்த்துப் பயந்திருக்காங்கன்னு தெரியும். 22-ஆவது பிரிவு அப்போ சொன்னது: ஓடற இயந்திரத்தைப் பார்க்கவோ சரிபண்ணவோ வேண்டியிருந்தா, தனிப் பயிற்சி பெற்ற வயது வந்த ஆண் தொழிலாளி மட்டும்தான் செய்யலாம். அவர் பேர் பதிவேட்டுல இருக்கணும். உடம்போட ஒட்டின உடுப்பு போட்டிருக்கணும், அந்த உடுப்பை முதலாளிதான் வாங்கித் தரணும். ஓடற புல்லியில அவர் தொடற பெல்ட் 15 சென்டிமீட்டர் அகலத்துக்கு மேல போகக்கூடாது. பெல்ட்டோட இணைப்பு வார் போட்டுத் தைச்சதா இல்ல துருத்தாம சமமா இருக்கணும். பெண்களும் இளம் வயசுக்காரங்களும் ஓடற இயந்திரத்தைத் துடைக்கவோ எண்ணெய் போடவோ சரிபண்ணவோ கூடாது. 24-ஆவது பிரிவு சொன்னது: பயன்படாத பெல்ட்டை ஓடற தண்டு மேல சும்மா தொங்க விடக்கூடாது.

ஒரு சட்டம் பெல்ட்டோட அகலத்தை சென்டிமீட்டர்ல சொல்லுதுன்னா, அதுக்கு முன்னாடி எத்தனை விசாரணை நடந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ஆனா அது தொழிற்சாலைச் சட்டம். மின்சாரமோ இன்ஜினோ வெச்சு வேலை நடக்கற இடத்துல 10 பேராவது இருந்தாத்தான் அந்தச் சட்டப்படி அது தொழிற்சாலையா இருந்துச்சு. பாப்பிரெட்டிப்பட்டி கிணத்து மேட்டுல ஓடற ஆயில் இன்ஜின்ல ஒருத்தர், மிஞ்சினா ரெண்டு பேர். அங்க பதிவேடு கிடையாது, ஒட்டின உடுப்பு கிடையாது, புல்லிக்கு மூடி கிடையாது. பெல்ட் அதே பெல்ட். இன்ஜின் அதே இன்ஜின். 10 பேர் வேலை செய்யற மில்லுல அதைத் தொட விதிமுறை இருந்துச்சு, நூறடி தள்ளி இருக்கற வயல்ல இல்ல. அந்த வயல்ல கையை விட்டவர் பெரும்பாலும் கூலிக்கு வந்தவர், இல்ல வீட்டுப் பிள்ளை.

விவசாய இயந்திரத்துக்குன்னு நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட 1983 ஆச்சு. அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம். அதுவும் முக்கியமா கதிரடிக்கும் மெஷினைக் குறிவெச்சு வந்தது, வடக்கே கோதுமை வயல்கள்ல அவ்வளவு கைகள் போனதுக்கு அப்புறம். கிணத்து மேட்டு பெல்ட் அப்பவும் அதே மாதிரி திறந்துதான் ஓடிட்டு இருந்துச்சு.

பெல்ட்டோட வடிவத்தை மாத்தினது கார். 1917-ல அமெரிக்காவுல டென்வர் நகரத்துல ஜான் கேட்ஸ், ரப்பரும் நூலும் வெச்சு வி-வடிவ பெல்ட் ஒண்ணு செஞ்சார். தட்டை பெல்ட் புல்லி மேல படுக்குது, வி-பெல்ட் பள்ளத்துக்குள்ள ஆப்பு மாதிரி இறங்குது. இழுக்க இழுக்க ரெண்டு சுவரையும் நெருக்கிப் பிடிக்கும். முன்னாடி சொன்ன அதே ஆய்லர் கணக்குல, அதே உராய்வு, அதே அரைச் சுத்து. தட்டை பெல்ட்டுக்கு 2.5 மடங்கு வந்த இடத்துல இப்போ ஏறக்குறைய 20 மடங்கு வருது. அவ்வளவு முறுக்க வேண்டாம், புல்லிகளைப் பக்கத்துல பக்கத்துல வைக்கலாம், பானட்டுக்குள்ள அடக்கிடலாம். வெட்டித் தைக்கற வேலையும் போச்சு, ஏன்னா இது இணைப்பே இல்லாத வளையம்.

நம்ம ஊர்ல வி-பெல்ட்னா பல பேருக்கு அதோட பேரே ஃபென்னர்தான். மதுரை கோச்சடையில தொழிற்சாலை. பெல்ட்டோட இன்னொரு முனையில சுத்தற கருவிக்கு சென்னைக்காரங்க தினமும் ஒரு பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் போறாங்க: பாடி, லூகாஸ். 1961-ல அமைஞ்ச லூகாஸ்-டிவிஎஸ் வண்டிகளுக்கான மின்கருவிகளைச் செய்யற கம்பெனி. முதல்ல டைனமோ, அப்புறம் ஆல்டர்னேட்டர். டைனமோ இன்ஜின் மெதுவா ஓடும்போது பெருசா எதுவும் தராது. ஆல்டர்னேட்டர் அப்பவும் தரும், மொத்தத்துல அதிகமாவும் தரும். அதுக்கான விலையை பெல்ட்தான் கொடுக்கும்.

இந்த விலை ரொம்ப அப்பட்டமா தெரியற இடம் பாய்மரப் படகோட இன்ஜின். தூரக் கடல் போற படகுல விளக்கு, ஃபிரிட்ஜ், ரேடியோ, திசை காட்டற கருவிகள், எல்லாம் பேட்டரியில. இன்ஜினையோ கொஞ்ச நேரம்தான் ஓட்டுவாங்க, அதுக்குள்ள பேட்டரி நிறையணும். அதனால பெரிய ஆல்டர்னேட்டர் மாட்டறாங்க. 14 வோல்ட்ல 100 ஆம்பியர்னா 1,400 வாட். இழப்பையும் சேர்த்தா இன்ஜின்ல இருந்து 3 எச்.பி. பக்கம் உருவணும். ஒரு சின்ன கிணத்து மோட்டாரோட மொத்த பலம், விரல் அகல பெல்ட் ஒண்ணு வழியா! அது சரியா இறுகலைன்னா இன்ஜின் பெட்டி முழுக்கக் கறுப்புத் தூள் படியும், பெல்ட் பொடியாகிற தூள். கடல் நடுவுல மெக்கானிக் கிடையாது. அதனால அந்த மாலுமிகளும் நம்ம ஊர் மெக்கானிக் செய்யறதையேதான் செய்யறாங்க: இன்ஜினை அணை, ஆல்டர்னேட்டரோட கீழ் போல்ட்டையும் மேல பட்டையில இருக்கற போல்ட்டையும் தளர்த்து, உடம்புல ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து நெம்பு, நெம்பினபடியே மேல் போல்ட்டை முடுக்கு, கட்டைவிரலால பார். புது பெல்ட்னா கொஞ்ச நேரம் ஓடினதும் நீண்டுடும், மறுபடி ஒரு தடவை இறுக்கணும். புதுக் கவலைக் கயிறு மாதிரியேதான்.

கார்ல இந்தக் கட்டைவிரல் வேலையும் போயிட்டு இருக்கு. 1979-ல ஃபோர்டு மஸ்டாங்ல எல்லாத்தையும் சுத்தற ஒரே நீள பெல்ட் வந்துச்சு. அந்த வகை பெல்ட்ல ஸ்பிரிங் வெச்ச ஒரு உருளை எப்பவும் சாய்ஞ்சு நின்னு இழுப்பைத் தானே பார்த்துக்கும். டெய்லர் கிளாம்ப்ல வெச்ச ஸ்பிரிங் கடைசியில இன்ஜினுக்குள்ளயே குடியேறிடுச்சுன்னு சொல்லலாம். எலெக்ட்ரிக் கார்ல அதுவும் இல்ல, ஆல்டர்னேட்டரே கிடையாது.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் பெல்ட் வேற வழியில காணாம போச்சு, வேற வழியில திரும்பியும் வந்துச்சு. 1930-கள்ல பைக்காராவும் மேட்டூரும் மின்சாரம் தர ஆரம்பிச்சுது, கோயம்புத்தூர்ல மோட்டார் செய்யத் தொடங்கினாங்க. பின்னாடி வந்த மோனோபிளாக் பம்புல மோட்டாரும் பம்பும் ஒரே தண்டுல. நடுவுல பெல்ட்டே இல்ல. கிணத்து மேட்டுல இருந்த அந்த இடுக்கு, சட்டம் எட்டாத அந்த இடுக்கு, சத்தமில்லாம மறைஞ்சுது. சட்டம் செய்யாததை மோனோபிளாக் செஞ்சுது.

ஆனா தண்ணி கீழ போயிட்டே இருந்துச்சு. மேல வெச்ச பம்பு ஏறக்குறைய 7 மீட்டருக்குக் கீழ இருந்து தண்ணியை உறிஞ்ச முடியாது, அது காத்தழுத்தத்தோட எல்லை. பம்பைக் கிணத்துக்குள்ள மேடை கட்டி இறக்கினாங்க, அப்புறம் கிணத்துக்குள்ளயே போர் போட்டாங்க. தண்ணி கொஞ்சமா, விட்டுவிட்டு ஊறுற பாறைப் போர்ல சேலம், தர்மபுரிப் பக்கத்து விவசாயிங்க கம்ப்ரசர் மாட்டினாங்க. குழாய் வழியா காத்தைக் கீழ அனுப்பினா, அது குமிழியா தண்ணியைத் தள்ளிட்டு மேல வரும். மணல் வந்தாலும் கெடாது, தண்ணி நின்னு நின்னு வந்தாலும் எரியாது, ரிப்பேர் பண்ணவேண்டிய எல்லாம் மேலேயே இருக்கு.

அந்த கம்ப்ரசரை மோட்டார் சுத்தறது பெல்ட்லதான். தகரக் கூரை போட்ட சின்ன ஷெட், ஒரு பக்கம் மோட்டார், ஒரு பக்கம் விசிறி மாதிரி ஆரம் வெச்ச பெரிய சக்கரம், நடுவுல ரெண்டு இல்ல மூணு வி-பெல்ட். ரெண்டுல ஒண்ணு அறுந்தா ரெண்டையும் சேர்த்துத்தான் மாத்தணும். புதுசு ஒண்ணு பழசு ஒண்ணுன்னு போட்டா, நீண்டுபோன பழசு சும்மா கூடவே சுத்தும், மொத்த இழுப்பும் புதுசு மேல விழும், அதுவும் சீக்கிரம் போயிடும். காசு இல்லாத மாசம் ஒண்ணுதான் வாங்குவாங்க.

கம்பி வலை மூடியோட வர்ற செட்டும் உண்டு. பெல்ட்டை இறுக்கறதுக்காக ஒரு தடவை கழட்டினா, அந்த மூடி பெரும்பாலும் சுவத்துல சாய்ஞ்சே நிக்கும்.